ஸ்டீஃபன் ஃபாஸ்டரின் பற்றுவரவு



1857ஆம் ஆண்டு ஜனவரி மாதம். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், பிட்ஸ்பர்க் நகரை ஒட்டிய ஊரில் முப்பது வயது மனிதர் ஒருவர் தாளை எடுத்துவைத்துக்கொண்டு கணக்குப் போடுகிறார். இடப்பக்கம் பாட்டின் பெயர். எதிரே அந்தப் பாட்டு இதுவரை சம்பாதித்துக் கொடுத்த தொகை. அதற்கடுத்து, இனிமேல் அது எவ்வளவு சம்பாதிக்கும் என்ற உத்தேச மதிப்பு. 'ஓல்டு ஃபோக்ஸ் அட் ஹோம்' என்ற பாட்டுக்கு எதிரே 1,647 டாலர் 46 சென்ட் என்று எழுதியிருக்கிறார். கணக்கு எழுதுவது அவருக்குப் புதிதில்லை. இளம் வயதில் அண்ணன் பங்காளியாக இருந்த நீராவிக் கப்பல் கமிஷன் மண்டியில் கணக்குப்பிள்ளையாக உட்கார்ந்தவர்தான். பட்டியல் முடிந்தது. அந்தப் பாட்டுகள் எல்லாவற்றின் எதிர்கால வருமானத்தையும் பதிப்பாளர்களுக்கு ஒரேயடியாக விற்றார். அவர் போட்ட உத்தேசத்தைவிடக் குறைத்தே கொடுத்தார்கள்: 1,872 டாலர் 28 சென்ட்.

அவர் பெயர் ஸ்டீஃபன் காலின்ஸ் ஃபாஸ்டர். பெயரைக் கேள்விப்படாதவர்களுக்கும் மெட்டு தெரிந்திருக்கும். 'ஓ! சூசன்னா'வை எந்த ஆங்கிலப் பள்ளி விட்டுவைத்தது? மேடை ஏறிப் பாடாமல், பாட்டு வகுப்பு எடுக்காமல், தேவாலய உத்தியோகம் பார்க்காமல், பாட்டு எழுதுவது ஒன்றையே பிழைப்பாக வைத்துக்கொள்ள அமெரிக்காவில் முதலில் துணிந்தவர் இவர் என்பார்கள். அவரைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் இரண்டு வழியில் போகும். பாவப்பட்ட கலைஞன், குடித்துச் செத்தான் என்று உருகுவது ஒரு வழி. நிறவெறிக் கூத்துக்குப் பாட்டு எழுதியவன், தள்ளிவை என்பது மற்றது. இரண்டிலும் உண்மை உண்டு. ஆனால் இரண்டுமே அவர் எழுதிவைத்த கணக்கைப் பிரித்துப் பார்ப்பதில்லை. அதில் என்ன வரவு வைக்கப்பட்டது, எது ஏறவே இல்லை என்பதைத்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

பிறந்தது 1826 ஜூலை 4. அமெரிக்க விடுதலைப் பிரகடனத்தின் ஐம்பதாம் ஆண்டு நிறைவு நாள். அதே நாளில்தான் முன்னாள் குடியரசுத் தலைவர்கள் ஜான் ஆடம்ஸும் தாமஸ் ஜெஃபர்சனும் இறந்தார்கள். நாட்டுப்பற்று எழுத்தாளர்களுக்கு இந்தப் பொருத்தம் போதும். பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது அந்தக் குடும்பத்தின் பணநிலை. தந்தை வில்லியம் ஃபாஸ்டர் வணிகர், ஊர்ப் பிரமுகர், பின்னால் அலெகெனி நகரின் மேயரானவர். ஆனால் கடனில் வீட்டை இழந்தவர். ஸ்டீஃபன் பிறந்த வெள்ளை வீடு அவருக்கு நினைவு தெரிவதற்குள் கைமாறிவிட்டது. பிறகு உறவினர் வீடும் வாடகை வீடுமாக மாறி மாறி வாழ்ந்த குடும்பம். வீட்டை நினைத்து ஏங்கும் பாட்டுகளை ஒருவர் இத்தனை எழுதியதற்கு வேறு காரணம் தேடவேண்டியதில்லை என்பது என் எண்ணம். மற்றவர்கள் மறுக்கலாம்.

கல்லூரியில் ஒரு வாரம்கூடத் தரித்தாரா என்பது சந்தேகம். பிட்ஸ்பர்க்கில் இசைக்கடை வைத்திருந்த ஹென்றி கிளீபர் என்ற ஜெர்மானியரிடம் முறையாகச் சிலது கற்றார். 1844இல், பதினெட்டு வயதில் முதல் பாட்டு அச்சேறியது. 1846இல் சின்சினாட்டிக்குப் போய் அண்ணன் டன்னிங்கின் கம்பெனியில் கணக்கு எழுத உட்கார்ந்தார். ஓஹையோ ஆற்றின் வடகரை ஊர் அது. அக்கரை கென்டக்கி. இக்கரையில் அடிமை முறை கிடையாது. அக்கரையில் மனிதனை விலைக்கு வாங்கலாம். நடுவில் ஆறு மட்டும்தான். படகுத்துறையில் மூட்டை தூக்கிய கறுப்பர்களின் பாட்டு அந்தக் கணக்குப்பிள்ளையின் காதில் விழாமல் இருந்திருக்காது.

அந்தக் காலத்தில் அமெரிக்க நகரங்களைக் கலக்கிக்கொண்டிருந்தது மின்ஸ்ட்ரல் கூத்து. வெள்ளைக்கார நடிகர்கள் தக்கையை எரித்த கரியை முகத்தில் பூசிக்கொண்டு, கறுப்பர்களைப் போலப் பேசியும் ஆடியும் பாடியும் சிரிக்கவைப்பார்கள். 1830வாக்கில் தாமஸ் ரைஸ் என்ற நடிகர் 'ஜிம் குரோ' என்ற வேடத்தைப் பிரபலமாக்கினார். பின்னாளில் தென்மாநிலங்களின் நிறப்பிரிவினைச் சட்டங்களுக்கே அந்த வேடத்தின் பெயர் ஒட்டிக்கொண்டது. இந்தக் கூத்து அமெரிக்காவோடு நிற்கவில்லை. 1860களில் டேவ் கார்சன் என்ற அமெரிக்க நடிகர் பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் குழுவோடு வந்து, கரி பூசிய அதே முகத்தோடு வங்காளி பாபுவைக் கேலி செய்து காசு பார்த்தார். கரி பூசிக்கொண்டவனுக்குக் கேலிசெய்ய எந்த ஊர்க்காரன் கிடைத்தாலும் சரிதான்.

இந்தக் கூத்தில் பாடும் பாட்டுகளுக்குச் சந்தையில் 'எத்தியோப்பியப் பாட்டு' என்று பெயர். எத்தியோப்பியாவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஃபாஸ்டரும் அந்த வகையில்தான் எழுதினார். 'ஓ! சூசன்னா' 1847 செப்டம்பரில் பிட்ஸ்பர்க்கின் ஓர் ஐஸ்கிரீம் கடை அரங்கில் முதலில் மேடையேறியது. மறுவருடம் அச்சானது. 1849இல் தங்கம் தேடிக் கலிஃபோர்னியாவுக்குப் போனவர்களின் வாயில் வழியெல்லாம் அதுதான். மூன்றாண்டுக்குள் வெவ்வேறு ஆட்கள் இருபது தடவைக்கு மேல் அதைத் தங்கள் பெயரில் உரிமை பதிவு செய்து அச்சிட்டார்கள். எழுதியவர் கைக்கு வந்ததாகச் சொல்லப்படுவது 100 டாலர். இன்றைக்குப் பள்ளிகளில் பாடும்போது அந்தப் பாட்டின் இரண்டாம் சரணத்தை யாரும் பாடுவதில்லை. கறுப்பர்கள் கூட்டமாகச் சாவதை வேடிக்கையாகச் சொல்லும் சரணம் அது, வசைச்சொல்லோடு. இருபத்தோரு வயது இளைஞன் கூத்துக்காரர்கள் கேட்கும் சரக்கை அப்படியே செய்து கொடுத்தான். அதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை.

அந்த 100 டாலரே அவருக்குத் தெம்பு கொடுத்தது. கணக்கு வேலையை விட்டார். 1849இல் நியூயார்க்கின் ஃபர்த் பாண்ட் நிறுவனம் அவரோடு ஒப்பந்தம் போட்டது: அச்சிட்டு விற்கும் ஒவ்வொரு பிரதிக்கும் 2 சென்ட். அப்போது பாட்டு விற்பனை என்றால் சுரக்குறிப்போடு அச்சிட்ட இசைத்தாள் விற்பனை. நடுத்தரக் குடும்பங்களின் வீட்டுக்கூடத்துக்குப் பியானோ வந்துகொண்டிருந்த காலம். வீட்டுப் பெண்கள் அந்தத் தாளை வாங்கி வாசித்துப் பாடினார்கள். அன்றைய சட்டத்தைச் சற்று விளக்கவேண்டும். 1831ஆம் ஆண்டுச் சட்டம் இசையை அச்சிடும் உரிமைக்குக் காப்பு கொடுத்தது. 28 ஆண்டு, புதுப்பித்தால் மேலும் 14 ஆண்டு. மேடையில் பாடுவதற்கு உரிமை கேட்க வழியே இல்லை. அந்த உரிமை அமெரிக்கச் சட்டத்தில் 1897இல்தான் வந்தது. ஊர் ஊராக ஆயிரம் கூத்துக் குழுக்கள் அவர் பாட்டைப் பாடிச் சீட்டு விற்றாலும் அவருக்கு ஒரு சென்ட் வராது. இங்கிலாந்தில் அச்சடித்தால் அதுவும் வராது. வெளிநாட்டு உரிமை ஒப்பந்தம் கிடையாது. கூத்துக்காரன் பாடினால்தான் பாட்டு பரவும், பரவினால்தான் தாள் விற்கும். அதனால் அவர் கூத்துக்காரர்களைத் தேடிப்போய்ப் பாடச் சொல்லிக் கேட்கவேண்டியிருந்தது.

அப்படிப் போய்ச் சேர்ந்த இடம் எட்வின் கிறிஸ்டி, அன்றைய பெரிய மின்ஸ்ட்ரல் குழுவின் முதலாளி. 1851இல் 'ஓல்டு ஃபோக்ஸ் அட் ஹோம்' வெளியானபோது அட்டையில் எழுதியவர், இசையமைத்தவர் இரண்டும் கிறிஸ்டி என்றிருந்தது. ஒரு சிறு தொகைக்கு ஃபாஸ்டர் தன் பெயரையே கொடுத்துவிட்டார். பாட்டு விற்பனையில் முன்பு எதுவும் காணாத உயரத்துக்குப் போனது. பதிப்பாளர் இரண்டு அச்சு இயந்திரங்களை அதற்கென்றே ஓட்டுவதாக விளம்பரம் செய்தார். 1852 மே மாதம் 25ஆம் தேதி ஃபாஸ்டர் கிறிஸ்டிக்கு ஒரு கடிதம் எழுதினார். அதைப் படித்தவர்கள் மறக்கமாட்டார்கள். இத்தகைய பாட்டுகளைச் சிலர் இழிவாக நினைப்பதால் என் பெயரைத் தவிர்த்தேன். இப்போது நாகரிகமான வீடுகளிலும் இவற்றை விரும்பிப் பாடுகிறார்கள், கொச்சையான சொற்களை நீக்கி நான் எழுதியதுதான் காரணம். ஆகவே இனி அச்சமும் வெட்கமும் இல்லாமல் இந்தத் தொழிலைச் செய்யப்போகிறேன், என் பெயரைப் போடவிடுங்கள் என்பது அதன் சாரம். கிறிஸ்டி விடவில்லை. உரிமத்தொகை ஃபாஸ்டருக்கு வந்தது, பெயர் வரவில்லை. அந்தப் பாட்டின் அட்டையில் அவர் பெயர் ஏறியது 1879இல், உரிமை புதுப்பிக்கப்பட்டபோது. அவர் இறந்து பதினைந்து ஆண்டு ஆகியிருந்தது.

சுவானி ஆற்றுக் கதையையும் சொல்லிவிடுகிறேன். அந்தப் பாட்டில் வரும் ஆறு முதலில் பீடீ. அது தென் கரோலினாவில் ஓடுவது. அவர் கையெழுத்து நோட்டில் அதைப் பார்க்கலாம். பெயர் பிடிக்காமல் அண்ணன் மாரிசனிடம் கேட்க, இருவரும் நிலப்படத்தை விரித்துத் தேடி ஃப்ளோரிடாவில் சுவானியைக் கண்டுபிடித்தார்களாம். தாளத்துக்குப் பொருந்தும்படி அதிலும் ஓர் அசையைக் குறைத்தார். ஃப்ளோரிடாவை அவர் வாழ்நாளில் பார்த்ததில்லை. ஆழ்ந்த தெற்குக்கு அவர் போனதே ஒரு முறைதான், 1852இல் நீராவிக் கப்பலில் நியூ ஆர்லியன்ஸுக்கு. பாட்டு அப்போது ஏற்கெனவே வெளியாகிவிட்டது. அதே ஃப்ளோரிடா 1935இல் அதை மாநிலப் பாடலாக அறிவித்தது. அந்தக் கையெழுத்து நோட்டு 1851 முதல் 1860 வரையிலான வேலையைக் காட்டுகிறது. அடித்தலும் திருத்தலுமாகப் பக்கங்கள் நிரம்பியிருக்கின்றன. கண்ணை மூடினால் பாட்டு கொட்டியது என்று பிற்காலத்தில் கட்டிய கதைகளுக்கு அந்த நோட்டே பதில்.

இப்போது கணக்கில் ஏறாத பக்கத்துக்கு வருகிறேன்.

1850 ஜூலையில் ஃபாஸ்டர் ஜேன் மெக்டவல் என்ற பெண்ணை மணந்தார். அவள் தந்தை ஆண்ட்ரூ மெக்டவல் பிட்ஸ்பர்க்கின் பேர்பெற்ற மருத்துவர். அந்த மருத்துவரிடம் தொழில் கற்றவர்களில் ஒருவர் மார்ட்டின் டெலானி. கறுப்பர், பத்திரிகை நடத்தியவர், அடிமை ஒழிப்புத் தலைவர் ஃபிரெடரிக் டக்ளஸோடு சேர்ந்து பணிசெய்தவர். அதே 1850இல் டெலானிக்கு ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்தது. வெள்ளை மாணவர்கள் எதிர்த்தார்கள். ஒரு பருவத்தோடு கல்லூரி அவரையும் உடன் சேர்ந்த கறுப்பு மாணவர்களையும் வெளியேற்றியது. மாமனாரின் மாணவர் ஹார்வர்டிலிருந்து துரத்தப்பட்ட அதே காலத்தில், மருமகன் கற்பனைக் கறுப்பன் ஒருவன் பழைய தோட்டத்தை நினைத்து அழுவதாகப் பாட்டு எழுதிக்கொண்டிருந்தார்.

டெலானி பதில் சொன்னார். 'பிளேக்' என்று ஒரு நாவல் எழுதினார். 1859இலும் 1861-62இலும் கறுப்பர்கள் நடத்திய இதழ்களில் தொடராக வந்தது. அடிமைகளை ஒன்றுதிரட்டி எழுச்சிக்குத் தயார்செய்யும் ஒருவனின் கதை. அதில் அடிமைகள் பாடும் பாட்டுகளில் சில ஃபாஸ்டரின் மெட்டுகள்தான். சொற்களை மட்டும் டெலானி மாற்றிவிட்டார். கிழவர் செத்தார் பாவம் என்று புலம்பும் பாட்டு அவர் கையில் எசமானுக்கு எதிரான பாட்டாகிறது. அமெரிக்க இலக்கியத்தில் ஃபாஸ்டரைப் பற்றி எழுதப்பட்ட ஆகச் சிறந்த விமரிசனம் இதுதான் என்று நான் சொல்லுவேன். கட்டுரை எழுதிக் கண்டிக்கவில்லை. மெட்டை எடுத்துக்கொண்டார், அவ்வளவுதான். அந்த நாவல் புத்தகமாக வர 1970 ஆயிற்று.

ஆனால் ஃபாஸ்டரை ஒரே நிறத்தில் எழுதிவிட முடியாது. 1849இல் வந்த 'நெல்லி வாஸ் எ லேடி' மனைவியை இழந்த கறுப்பு உழைப்பாளியின் ஒப்பாரி. கறுப்புப் பெண்ணை மதிப்போடு குறிக்கும் சொல்லைத் தலைப்பிலேயே வைத்தது அன்றைய கூத்துமேடைக்குப் புதிது. ஹேரியட் பீச்சர் ஸ்டோவின் 'அங்கிள் டாம்ஸ் கேபின்' 1852இல் வந்ததும், அதன் தாக்கத்தில் டாம் மாமாவுக்கு விடைகொடுக்கும் பாட்டு ஒன்றை நோட்டில் எழுதத் தொடங்கினார். அதிலிருந்து டாமின் பெயரை நீக்கி, 1853இல் 'மை ஓல்டு கென்டக்கி ஹோம்' என்று வெளியிட்டார். குடும்பத்திலிருந்து பிரித்துத் தெற்கே விற்கப்பட்டு, கரும்புக்காட்டில் சாகப்போகிறவனின் பாட்டு அது. டக்ளஸே 1855இல் ஒரு சொற்பொழிவில் அதைக் குறிப்பிட்டு, இத்தகைய பாட்டுகள் அடிமைகள்மேல் இரக்கத்தை எழுப்புகின்றன என்றார். ஃபாஸ்டரின் இளவயது நண்பர் சார்ல்ஸ் ஷைராஸ் அடிமை ஒழிப்புக் கவிஞர். மறுபக்கம், ஃபாஸ்டரின் அக்காவை மணந்தவர் ஜேம்ஸ் புக்கானனின் தம்பி. 1856 குடியரசுத் தலைவர் தேர்தலில் ஃபாஸ்டர் புக்கானனுக்காகப் பிரசாரப் பாட்டு எழுதினார். தென்மாநில அடிமை உடைமையாளர்களோடு சமரசம் பேசிய கட்சி புக்கானனுடையது. இரக்கம் பாட்டில் இருந்தது, வாக்கு வேறிடத்தில் இருந்தது.

1860இல் நியூயார்க் போனார். பெற்றோர் 1855இலேயே இறந்திருந்தார்கள். கையில் இருந்த பழைய பாட்டுகளை விற்றாகிவிட்டது. புதியவற்றுக்கு முன்பணம் வாங்கி வாங்கிக் கடனாளியாகியிருந்தார். ஜேன் மகள் மேரியனைக் கூட்டிக்கொண்டு பென்சில்வேனியாவுக்குத் திரும்பி, கிரீன்ஸ்பர்க் ரயில் நிலையத்தில் தந்தி ஊழியராக வேலை பார்த்தார். அந்தப் பெண்ணின் பெயரை நினைவுபடுத்தும் 'ஜீனி வித் த லைட் பிரவுன் ஹேர்' பாட்டை உலகம் பாடுகிறது. அவர் தந்திக் கருவியைத் தட்டி மகளை வளர்த்ததை யாரும் பாடவில்லை. உள்நாட்டுப் போர்க்காலம், ஃபாஸ்டர் ஜார்ஜ் கூப்பர் என்ற இளைஞரோடு சேர்ந்து அவசர அவசரமாகப் பாட்டு எழுதி ரொக்கத்துக்கு விற்றார். பலவும் மட்டம். 1864 ஜனவரியில் பவரி வீதி விடுதியறையில் காய்ச்சலோடு விழுந்து கழுத்தில் காயம்பட்டு, பெல்வியூ மருத்துவமனையில் 13ஆம் தேதி இறந்தார். வயது 37. பணப்பையில் 38 சென்ட்டும் ஒரு வரி எழுதிய காகிதத் துண்டும் இருந்தன. 'பியூட்டிஃபுல் டிரீமர்' அதற்குப் பிறகுதான் அச்சாகி வந்தது.

பிற்காலத்தில் அவர் கணக்குகளைக் கூட்டிப் பார்த்தார்கள். வாழ்நாள் உரிமத்தொகை 15,091 டாலர் 8 சென்ட். நல்ல ஆண்டுகளில் ஒரு நடுத்தரக் குடும்பம் தாராளமாக வாழக்கூடிய வருமானம். பதிப்பாளர்கள் ஏமாற்றிப் பட்டினி போட்டார்கள் என்பது கட்டுக்கதை, ஒப்பந்தப்படி கொடுத்தார்கள். உண்மையான இழப்பு, சட்டத்தில் இல்லாத மேடை உரிமையும், அவராகவே விற்ற எதிர்காலமும்தான். உரிமையைப் புதுப்பித்த ஜேனுக்கும் மேரியனுக்கும் பிறகு கிடைத்தது சுமார் 4,200 டாலர். பாட்டு எழுதுகிறவர்கள் மேடை உரிமத்தொகையைத் திரட்ட அமெரிக்காவில் சங்கம் அமைத்தது 1914இல். அந்தச் சங்கத்துக்கும் வானொலிகளுக்கும் 1941இல் கட்டணத் தகராறு வந்து, சங்கத்தின் பாட்டுகளை வானொலிகள் நிறுத்தியபோது, நாள் முழுதும் ஒலிபரப்பக் கிடைத்தது உரிமைக்காலம் முடிந்த 'ஜீனி'தான். காசு கொடுக்காமல் பாட அப்போதும் ஃபாஸ்டர்தான் அகப்பட்டார்.

இண்டியானாபொலிஸ் மருந்து உற்பத்தியாளர் ஜோசையா லில்லி அவருடைய கையெழுத்துகளையும் முதற்பதிப்புகளையும் தேடிச் சேர்த்து, 1937இல் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்திடம் ஒப்படைத்தார். நாம் இன்று சென்ட் கணக்கில் பேச முடிவது அந்தச் சேகரிப்பின் தயவால். அதே பிட்ஸ்பர்க்கில் 1900இல் சிற்பி மொரெட்டி வடித்த ஃபாஸ்டர் சிலை ஒன்று இருந்தது. நோட்டும் கையுமாக ஃபாஸ்டர். அவர் காலடியில், வெறுங்காலோடு பாஞ்சோ மீட்டும் கறுப்புக் கிழவர். பாட்டு எங்கிருந்து வந்தது என்பதைச் சிலை வடித்தவர் ஒப்புக்கொண்டார். கூடவே, கொடுத்தவரை எங்கே உட்காரவைத்தார் என்பதையும் காட்டிவிட்டார். 2018 ஏப்ரலில் நகராட்சி அதை அகற்றியது. அகற்றியது சரி என்பது என் கருத்து. காட்சியகத்தில் வைத்து விளக்கம் எழுதட்டும்.

பாட்டுகளின் விஷயம் அவ்வளவு எளிதல்ல. கென்டக்கி தன் மாநிலப் பாடலான 'மை ஓல்டு கென்டக்கி ஹோ'மில் கறுப்பரைக் குறித்த இழிசொல்லை 1986இல் 'மக்கள்' என்று மாற்றியது. புகழ்பெற்ற குதிரைப் பந்தயத்தில் ஒரு லட்சம் பேர் முதல் சரணத்தை மட்டும் பாடிக் கண்கலங்குகிறார்கள். கரும்புக்காட்டுக்கு விற்கப்பட்டவன் வரும் சரணம் வரை போவதில்லை. சொல்லைத் திருத்தியது நல்லது. ஆனால் மனிதனை விற்ற செய்தி உள்ள சரணத்தை விட்டுவிட்டு வெயில் அடிக்கும் வீட்டை மட்டும் பாடுவது, திருத்தாமல் பாடுவதைவிடப் பெரிய மறைப்பு என்று எனக்குத் தோன்றுகிறது.

டெலானி தொடங்கியதை அவருக்குப் பின் வந்தவர்கள் விடவில்லை. 1894 ஜனவரியில் நியூயார்க்கில் செக் இசையமைப்பாளர் துவோர்ஷாக், தான் புதிதாக அமைத்த 'ஓல்டு ஃபோக்ஸ் அட் ஹோ'மைக் கறுப்புப் பாடகர்களான சிசியரெட்டா ஜோன்ஸையும் ஹாரி பர்லியையும் கொண்டு பாடவைத்தார். முகத்தில் கரி பூசாத குரல்கள். 1957இல் ரே சார்ல்ஸ் அதே பாட்டை ராக் அடியில் போட்டு நொறுக்கினார். 2004இல் ஃபாஸ்டர் பாட்டுகளின் தொகுப்பு ஒன்று வெளியாகி கிராமி விருது பெற்றது. அதில் 'ஹார்டு டைம்ஸ் கம் அகைன் நோ மோர்' பாட்டை மேவிஸ் ஸ்டேப்பிள்ஸும், 'நெல்லி வாஸ் எ லேடி'யை ஆல்வின் யங்பிளட் ஹார்ட்டும் பாடியிருக்கிறார்கள். இருவரும் கறுப்பர்கள். ஸ்டேப்பிள்ஸ் 1960களின் குடிமை உரிமைப் போராட்டத்தில் குடும்பத்தோடு பாடியவர்.

மாணவர்கள் இந்த இரண்டு பாட்டுகளையும் அன்றைய சுரத்தாளோடு வைத்துக் கேட்கவேண்டும் என்று விரும்புகிறேன். எந்தச் சொல் மாறியிருக்கிறது, எந்த இடத்தில் தாளத்தைத் தளர்த்தியிருக்கிறார்கள் என்று குறித்துக்கொண்டு வாருங்கள். தாளின் பிரதிகள் வாசலில் இருக்கின்றன. முதலில் ஹார்ட் பாடியதை ஒலிக்கவிடச் சொல்லியிருக்கிறேன். கேள்விகளை அதற்குப் பிறகு வைத்துக்கொள்வோம்.